பழவேற்காட்டுச் சிப்பியும் ஆரணியாற்று நீரும்

சிப்பி என்றவுடன் முத்தை நினைப்பது நம் நாட்டு வழக்கம். உணவாகும் சிப்பி அதனின்றும் வேறான இனமாகும். தூத்துக்குடி வட்டாரத்தில் ஆளி என வழங்கும் இது, ஆறும் கடலும் கலக்கும் உவர்நீரில் பாறைகளையும் பழைய ஓடுகளையும் பற்றிக்கொண்டு கூட்டங்கூட்டமாக வாழ்வது. 1916-இல் இதனை விவரித்த பிரெஸ்டன் என்பார் சென்னையின் பெயராலேயே இட்ட ‘மதராசென்சிஸ்’ என்ற பெயரைக் கொண்டு, இது ‘கிராசோஸ்டிரியா மதராசென்சிஸ்’ என வழங்கலாயிற்று. அண்மைய ஆய்வாளர்கள் இதனை வேறொரு பேரினத்தில் சேர்த்துள்ளனராயினும், பழைய பெயரே நம் மீன்வள நூல்களில் மிகுதியாகக் காணப்படுகிறது.

கடலினின்றும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உள்ளே, திருப்பதி மாவட்டத்தில் அமைந்துள்ள பிச்சாட்டூருக்கும் இச்சிப்பிக்கும் என்ன தொடர்பு என்ற வினா எழலாம். தொடர்பு, ஆறுதான். பிச்சாட்டூரில் அணையிட்டுத் தேக்கப்படும் ஆரணியாறு, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகச் சென்று பழவேற்காடு ஏரியின் தென்பகுதியில் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழையின்போது அணை நிரம்பி மதகுகள் திறக்கப்பட்டால், இடைவழியில் உள்ள வயல், தெரு, சாக்கடை ஆகியவற்றின் கழிவும் அந்நீரோடு சேர்ந்தே ஏரிக்குச் செல்லும். சிப்பி வாங்குவோர் ஓட்டைப் பார்ப்பதற்கு முன் நீரைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பதன் காரணம் இங்கேயே உள்ளது.

சிப்பி இரையைத் தேடிச் செல்வதில்லை. செவுள்களில் உள்ள நுண்மயிர்களை அசைத்து நீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்ணிய பாசிகளை வடித்து உண்கிறது. வளர்ந்த சிப்பி ஒன்று ஒரு மணி நேரத்தில் பல லிட்டர் நீரை இவ்வாறு வடிக்க வல்லது. பாசியோடு நோய்க்கிருமிகளும் வடிகட்டப்பட்டு அதன் உடலில் திரள்கின்றன. சிப்பிக்கு அவற்றால் துன்பமில்லை. அதனைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்பவருக்கே துன்பம். பெருவெள்ளத்தில் நீரின் உப்புத்தன்மை திடீரென்று குறையும்போது சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாள் பொறுத்திருக்கும். நன்னீர் நெடுநாள் நின்றால் கூட்டமாக மடியும். மீண்டும் உப்பேறியதும் ஓட்டைத் திறந்து, கலங்கிய நீரையே வடிக்கத் தொடங்கும். ஆகையால் வெள்ளம் வடிந்த மறுநாளே எடுத்த சிப்பி, உயிரோடு இருப்பினும் உண்ணத் தக்கதன்று. பல நாடுகளில் கனமழைக்குப் பின் சிப்பி எடுப்பதை நிறுத்திவைத்து, நீரைச் சோதித்த பின்னரே மீண்டும் அனுமதிக்கின்றனர்.

ஆங்கிலப் பெயரில் ‘ஆர்’ எழுத்து வரும் மாதங்களில் மட்டுமே, அதாவது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையே, சிப்பி உண்ணலாம் என்பது ஐரோப்பியரின் பழைய விதி. அங்குக் கோடையில் வெப்பமும் இனப்பெருக்கமும் சேர்ந்து வருவதால் அது பொருந்திற்று. நம் கடற்கரையில் வெள்ளம் வரும் அக்டோபரும் நவம்பரும் டிசம்பரும் அவ்விதிப்படி ‘நல்ல’ மாதங்களே! இங்கு அதை மனப்பாடம் செய்வதால் பயனில்லை.

பழவேற்காட்டுச் சிப்பியை வளர்த்துத் தரப்படுத்தலாம் என்ற எண்ணம் புதிதன்று. சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், பிரான்ஸின் ஆர்க்கஷான் வளர்ப்பு முறையை ஆராய்ந்து, 1910-ஐ ஒட்டி இங்கு முயற்சிகளைத் தொடங்கினார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் தூத்துக்குடியில் சிப்பி வளர்ப்பு முறையை உருவாக்கியது. அறுவடையான சிப்பியை வடிகட்டிய தூய கடல்நீர்த் தொட்டியில் ஒரு நாள் வைத்துக் கழிவை வெளியேற்றச் செய்யும் முறையும் அங்குக் கையாளப்பட்டது. இம்முறை மணலையும் சாக்கடைப் பாக்டீரியாக்களையும் பெரிதும் நீக்கும். வைரஸ்களும் விப்ரியோ இனக் கிருமிகளும் எளிதில் நீங்குவதில்லை.

வாங்கும்போது ஓடு இறுக மூடியிருத்தல் வேண்டும். சற்றுத் திறந்திருப்பதை விரலால் தட்டினால் மூடிக்கொள்ளும். மூடாதது இறந்தது, அதைத் தள்ளிவிடுக. கையில் கனமாக இருப்பது நன்று. இரண்டைத் தட்டும்போது வெற்றோசை கேட்டால் ஒன்றில் நீர் வற்றியிருக்கும். திறந்து பார்க்கும்போது சதை பருத்துப் பாலேட்டின் நிறத்தில் இருப்பதே சுவை மிக்கது. கருவுயிர்த்து மெலிந்தது நீர்த்துக் கண்ணாடிபோல் தோன்றும்.

வீட்டிற்குக் கொண்டுவந்ததும் குழாய் நீரில் ஊறவைப்பது பலரும் செய்யும் பிழை. நன்னீர் சிப்பியைக் கொன்றுவிடும். குழிந்த ஓடு கீழிருக்க அடுக்கி, ஈரச் சாக்கினால் மூடி, 5 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத குளிரில் வைக்க வேண்டும். காற்றுப் புகாத பையில் கட்டுதல் ஆகாது. பனிக்கட்டியுடன் எடுத்துச் சென்றால், உருகிய நீர் தேங்காதபடி கூடையின் அடியில் துளைகள் இருக்க வேண்டும். பிச்சாட்டூர்க் கோடையில் குளிரின்றிச் சில மணி நேரம் கிடந்த சிப்பியை உண்ணத் துணியாமலிருப்பதே அறிவுடைமை.

எலுமிச்சைச் சாறும் மிளகாயும் கிருமியைக் கொல்லும் என்பது தவறான நம்பிக்கை. வெப்பமே கொல்லும். கொதிநீரில் இட்டு, ஓடு திறந்த பின்னும் 3 முதல் 5 நிமிடம் வேகவிட வேண்டும், திறவாதவற்றை எறிந்துவிடுக. கல்லீரல் நோயுள்ளோர், நீரிழிவு நோயுள்ளோர், கருவுற்ற பெண்கள் ஆகியோர் பச்சையாக உண்ணவே கூடாது. விப்ரியோ கிருமியில் ஒரு வகை, கல்லீரல் நலிந்தோருக்கு உயிராபத்தே விளைவிப்பது. நன்கு வெந்த சதையை மிளகும் சிறுவெங்காயமும் சேர்த்து வதக்கினால் கடலின் உவர்ப்பு மெல்லத் தங்கும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்தே சேர்த்தல் நலம்.

கடல் காணாத பள்ளிகளிலும் இப்பாடத்தைக் கண்ணால் காட்ட இயலும். ஏரிச் சேற்றில் கிடைக்கும் நன்னீர் மட்டியும் இவ்வாறே நீரை வடித்து உண்பது. இரு கண்ணாடிப் பாத்திரங்களில் பச்சை படர்ந்த ஏரிநீரை நிரப்பி, ஒன்றில் மட்டும் உயிருள்ள மட்டிகள் நான்கைந்தை இட்டுச் சில மணி நேரம் அசைக்காமல் வைக்கவும். மட்டி உள்ள நீர் தெளிந்திருக்கும். பச்சை எங்கே போயிற்று என்று மாணவரிடம் கேட்ட பின், மட்டிகளை எடுத்த ஏரியிலேயே திரும்ப விட்டுவிடலாம்.