ஓநாய் தப்பியது எப்படி?

ரஷ்யா மிகப் பெரிய நாடு. நமக்கு வடக்கே, இமயமலையையும் தாண்டி வெகு தூரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம். நம் ஊர் மார்கழிப் பனி போல நினைத்துவிடாதீர்கள். நம் பனி வெயில் ஏறினால் போய்விடும். அங்கே பனி, மாவைச் சலித்த மாதிரி வானத்திலிருந்து கொட்டும். முழங்கால் அளவு சேரும். சில இடங்களில் இடுப்பளவுகூடச் சேரும். பங்குனி வரை அப்படியே கிடக்கும். ஆற்றுத் தண்ணீர் கல் போல உறைந்துவிடும். அதன்மேல் வண்டி போகும்.

அந்த நாட்டுக் காடுகளில் ஓநாய் அதிகம். நம் நாட்டு ஓநாய் சுமார் 20 கிலோ இருக்கும். ரஷ்ய ஓநாய் 40 கிலோ, அதற்கு மேலும் இருக்கும். கூட்டமாகத் திரியும்.

1873-ஆம் ஆண்டில் ரஷ்ய அரசாங்கம் ஒரு கணக்கு எடுத்தது. 45 மாகாணங்களில் ஓநாய் கொன்ற மாடு, குதிரை போன்ற பெரிய கால்நடைகள் சுமார் 1,79,000. ஆடு போன்ற சிறியவை சுமார் 5,62,000. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 7,41,000 வருகிறதா? ஒரே வருடத்தில் இவ்வளவு. இருக்கிற ஒரு மாடும் போனால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த ஊர் விவசாயி ஓநாயை வெறுத்ததில் ஆச்சரியம் இல்லை.

மாடு போவது பெரும்பாலும் கோடை மேய்ச்சலில். ஆனால் ஓநாயைத் தேடிப் போவது குளிர்காலத்தில். ஏன்? பனியில் கால்தடம் தெரியும். கோடையில் ஓநாய் எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ஓநாயை வேட்டையாடக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. நம் நாட்டில் ஓநாய் குறைந்துபோன விலங்கு. ரஷ்யாவில் சட்டமும் நிலைமையும் வேறு. நாம் இங்கே படிப்பது அங்கே நடக்கிற கதை.

பன்றிக்குட்டி வேட்டை

அந்தக் காலத்தில் ஒரு வினோத வேட்டை இருந்தது. சக்கரம் இல்லாத சறுக்கு வண்டியில் குதிரையைப் பூட்டுவார்கள். நிலா வெளிச்சத்தில் காட்டுப் பாதையில் போவார்கள். வண்டியில் ஒரு சாக்குக்குள் பன்றிக்குட்டி இருக்கும். அதைக் கிள்ளினால் கத்தும். வண்டிக்குப் பின்னால் நீளமான கயிற்றில் வைக்கோல் பொதி ஒன்று இழுபட்டுக்கொண்டு வரும். சத்தம் கேட்டு வருகிற ஓநாய், பொதியைப் பன்றிக்குட்டி என்று நினைத்துத் துரத்தும். வண்டியில் இருப்பவர் சுட வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குதிரைக்கு ஓநாய் வாடை தெரிந்துவிடும். மிரண்டு பாதையை விட்டு ஓடும். வண்டி கவிழும். ஆள் ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம் என்று பனிக்குள் கிடப்பார்கள். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து, அரை இருட்டில் குறி பார்ப்பது லேசான காரியமா? பல நாள் பன்றிக்குட்டி கத்தியதுதான் மிச்சம்.

துணியால் கட்டிய வேலி

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அதற்கு வேண்டியது கயிறும் சிவப்புத் துணியும்தான்.

ஒரு ஜாண் அகலம்கூட வேண்டாம், அதில் பாதி போதும். நீளம் ஒரு முழத்துக்குக் குறைவு. இப்படிக் கிழித்த துணிகளைக் கயிற்றில் வரிசையாகத் தைப்பார்கள். ஒரு துணிக்கும் அடுத்த துணிக்கும் நடுவே முக்கால் மீட்டர் இடைவெளி. ஓநாய் படுத்திருக்கும் காட்டைச் சுற்றி, செடி கொடிகளில் இந்தக் கயிற்றைக் கட்டிவிடுவார்கள். அவ்வளவுதான். 40 கிலோ எடையுள்ள ஓநாய் அதைத் தாண்டாது!

நம் ஊரிலும் காட்டுப் பன்றி வராமல் இருக்கப் பழைய சேலையை வயலைச் சுற்றிக் கட்டுகிறோம் அல்லவா? கிளிக்குப் பயந்து சோளக் கொல்லையில் கேசட் நாடாவை இழுத்துக் கட்டியதும் உண்டு. அதே யோசனைதான்.

ஓநாய் சிவப்பைக் கண்டு பயப்படுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நாய்க்கும் ஓநாய்க்கும் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது. மங்கலாகத்தான் தெரியும். முன்பின் பார்க்காத ஏதோ ஒன்று, வரிசையாக ஆடுகிறது. அதில் மனித வாடையும் இருக்கிறது. பயம் அதனால்தான். சிவப்பு நமக்காக. வெள்ளைப் பனியில் கயிறு எங்கே அறுந்தது, எங்கே விழுந்தது என்று ஆளுக்குத் தெரிய வேண்டும் இல்லையா?

இப்போது ஒரு கணக்கு. காட்டைச் சுற்றி 3 கிலோமீட்டர் கயிறு கட்ட வேண்டும். முக்கால் மீட்டருக்கு ஒரு துணி. மொத்தம் எத்தனை துணி? 3 கிலோமீட்டர் என்றால் 3,000 மீட்டர். 3 மீட்டருக்கு 4 துணி. அப்படியானால் 4,000 துணி. இதையெல்லாம் தைத்தது யார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. சுட்டவர் பெயர்தான் நிற்கிறது.

தடத்தை எண்ணுகிற ஆள்

இந்த வேட்டையில் பெரிய ஆள் துப்பாக்கிக்காரர் அல்ல. தடம் பார்க்கிறவர்தான். ரஷ்யாவில் பஸ்கோவ் என்ற பகுதியின் ஆட்கள் இதில் பேர் போனவர்கள்.

முதலில் செத்த குதிரையைக் காட்டு ஓரம் போடுவார்கள். ஓநாய்க் கூட்டம் இரவில் வந்து தின்னும். வயிறு நிறைந்தால் தூரம் போகாது. பக்கத்துக் காட்டில் பகலெல்லாம் படுத்துக் கிடக்கும். விடிந்ததும் தடம் பார்ப்பவர் சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். காட்டுக்குள் நுழைய மாட்டார். சுற்றியுள்ள பாதையிலேயே போவார். எத்தனை தடம் உள்ளே போகிறது, எத்தனை வெளியே வருகிறது என்று எண்ணுவார்.

வடக்கே 5 ஓநாய் உள்ளே போயிருக்கிறது. கிழக்கே 5 வெளியே வந்திருக்கிறது. தெற்கே 5 மறுபடி உள்ளே போயிருக்கிறது. இப்போது காட்டுக்குள் எத்தனை? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். கிழக்குத் தடத்தைப் பார்க்காமல் விட்டவர் 10 ஓநாய் என்று சொல்லுவார். தெற்குத் தடத்தைப் பார்க்காதவர், காட்டில் ஒன்றுமே இல்லை என்று வீட்டுக்குப் போய்விடுவார்.

இதில் இன்னொரு சிக்கல். ஓநாய்கள் வரிசையாக நடக்கும். முன்னால் போகிற ஓநாய் கால் வைத்த குழியிலேயே பின்னால் வருகிறதும் கால் வைக்கும். ஐந்து போனாலும் ஒன்று போன மாதிரி இருக்கும். பள்ளத்தைத் தாண்டும் இடத்திலும் பாதை திரும்பும் இடத்திலும்தான் தடம் பிரியும். அங்கே போய் எண்ண வேண்டும். தடம் நேற்றையதா, இன்றையதா என்றும் பார்க்க வேண்டும். புதுத் தடம் என்றால் விரல் வைத்தால் மெத்தென்று இருக்கும். பழைய தடத்தின் ஓரம் இறுகிப் போயிருக்கும். பழைய தடத்தை நம்பி 3 கிலோமீட்டர் கயிறு கட்டினால், காலியான காட்டைத்தான் வளைத்திருப்போம். ஓநாய் ஒரே இரவில் 20, 30 கிலோமீட்டர் நடக்கும்.

எங்கே தவறுகிறது?

கயிறு கட்டியாயிற்று. ஓநாய் உள்ளே இருக்கிறது. இனி வெற்றிதானே? இல்லை. இனிமேல்தான் தப்புகள் ஆரம்பம்.

கடும் குளிரில் பனி இறுகிவிடும். காலை வைத்தால் கறுக், கறுக் என்று சத்தம் வரும். ஓநாய் காது அதை வெகு தூரத்திலேயே பிடித்துவிடும். காற்று வீசினால் துணி சுருண்டு கிளையில் மாட்டிக்கொள்ளும். ஈரம் பட்ட துணி உறைந்து பலகை போல விறைக்கும். ஆடாத துணிக்கு ஓநாய் ஏன் பயப்பட வேண்டும்? இரவில் பனி கொட்டினால் கயிறே மூடிப் போகும். புதருக்குக் கீழே கொஞ்சம் சந்து விட்டிருந்தால் அதுவே வாசல்.

துப்பாக்கிக்காரர்கள் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். அந்த இடத்துக்கு ‘நம்பர்’ என்று பெயர். காற்று ஓநாய் பக்கமிருந்து இவர் பக்கம் வீச வேண்டும். மாறினால் இவர் வாடை அதற்குப் போய்விடும். மேலே வெள்ளைத் துணியில் அங்கி. காலில் கம்பளியை அழுத்திச் செய்த காலணி. அசையக் கூடாது. இருமக் கூடாது. பீடி, சிகரெட் கூடாது.

எதிர்ப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று பேர் மெதுவாக வருவார்கள். மரத்தில் லேசாகத் தட்டுவார்கள். சாதாரணமாகப் பேசுவார்கள். நம்மவர்கள் தகரத்தைத் தட்டிக் கூச்சல் போடுவது போல அங்கே போடக் கூடாது. போட்டால் ஓநாய் வெறி பிடித்த மாதிரி ஓடும். அப்போது துணியாவது, கயிறாவது! தாண்டிக் குதித்துப் போய்விடும்.

புதிதாக வந்தவர் என்ன நினைக்கிறார்? சத்தம் கிட்டே வந்த பிறகுதான் ஓநாய் வரும் என்று. அது சத்தம் தொடங்கிய உடனே, ஓசையில்லாமல் எழுந்து வந்துவிடும். இவர் கையுறையைச் சரி செய்துகொண்டு இருப்பார். நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஓநாய்! துப்பாக்கியைத் தூக்குவதற்குள் அது போய்விடும். இன்னொருவர் அவசரப்பட்டுத் தூரத்திலேயே சுடுவார். இந்த வேட்டைத் தோட்டாவில் பல பெரிய ரவைகள் இருக்கும். சுமார் 50 மீட்டருக்கு மேல் அவை சிதறிவிடும். ஓநாய்க்குக் காயம் மட்டும் படும். காயம்பட்ட ஓநாய் எந்தத் துணிக்கும் நிற்காது. எங்கோ போய் வலியில் கிடந்து சாகும். சரியாகச் சுடத் தெரியாதவர் இந்த வேலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

சில சமயம் ஆள் சரியாக நிற்பார். துப்பாக்கி ஏமாற்றும். உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி குளிரில் எண்ணெய் பசை போல இறுகிவிடும். விசையை இழுத்தால், தோட்டாவைக் குத்தும் ஊசி மெதுவாகப் போய் மோதும். ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. அதனால் தெரிந்தவர்கள் குளிர்காலத்தில் எண்ணெயைத் துடைத்துவிடுவார்கள். துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் அதில் நீர் வேர்க்கும். மறுபடி வெளியே கொண்டுபோனால் அந்த நீர் உள்ளேயே உறையும். அதுவும் வம்புதான்.

குளிருக்கு நல்லது என்று சாராயம் குடித்துவிட்டு நிற்பவரும் உண்டு. சாராயம் உடம்பைச் சூடாக்குவது போலத் தோன்றும். உண்மையில் உடம்புச் சூடு சீக்கிரம் வெளியேறும். கையும் கண்ணும் தடுமாறும். பக்கத்து நம்பரில் நிற்பது மனிதர். அடிபட்ட ஓநாயைப் பார்க்கும் ஆசையில், வேட்டை முடியும் முன்பே இடத்தை விட்டு நகர்ந்து அடுத்தவர் குண்டுக்கு ஆளாகிறவர்களும் உண்டு. ஓநாய் தப்பினால் அடுத்த வாரம் வரலாம். ஆள் போனால்?

ஒரு தடவை துணியைத் தாண்டித் தப்பிய ஓநாயைப் பிடிப்பது பெரும்பாடு. துணி ஒன்றும் செய்யாது என்று அது தெரிந்துகொண்டது. அடுத்த முறை நேரே தாண்டும். கூட்டமும் அதன் பின்னால் போகும்.

சுடாமல் விட்டவர்

தவறிய வாய்ப்பு எல்லாம் கவனக்குறைவால் வருவதில்லை. ரஷ்யத் தலைவர் லெனினுக்கு வேட்டை பிடிக்கும். ஒரு முறை இதே மாதிரி கொடி கட்டி நரி வேட்டைக்குப் போனார். நரி நேரே அவரிடமே வந்தது. கையில் துப்பாக்கி. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நரி திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. ஏன் சுடவில்லை என்று மனைவி குரூப்ஸ்கயா கேட்டார். அது அவ்வளவு அழகாக இருந்தது என்றாராம் லெனின். இதைக் குரூப்ஸ்கயாவே எழுதியிருக்கிறார்.

1968-இல் விசோத்ஸ்கி என்ற ரஷ்யப் பாடகர் ஒரு பாட்டு எழுதினார். கொடி வளையத்துக்குள் சிக்கிய ஓநாயே பாடுவது போல அமைந்த பாட்டு. கடைசியில் அந்த ஓநாய் கொடியைத் தாண்டிவிடும். வேட்டைக்காரர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள்.

அதே துணி, வேறு வேலை

போலந்து நாட்டில் பியாலோவியேழா என்ற பழமையான காடு இருக்கிறது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் இதே கொடிக் கயிற்றைக் கட்டி ஓநாயை ஓட்டினார்கள். ஆனால் முடிவில் துப்பாக்கி இல்லை, வலை. பிடித்த ஓநாயின் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டி விட்டுவிட்டார்கள். அது எங்கெங்கே போகிறது என்று தெரிந்துகொள்வதற்காக.

கனடா நாட்டு மாட்டுப் பண்ணைகளில் யோசனையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். ஓநாயைச் சுற்றிக் கட்டாமல், மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கட்டினார்கள். ஓநாய்கள் வந்து பார்த்தன, உள்ளே வரவில்லை. 60 நாள் வரை இது பலன் தந்ததாக 2003-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். பிறகு பயம் தெளிந்துவிடுகிறது. அதனால் கன்று போடும் காலம் போல ஆபத்தான சில வாரங்களுக்கு மட்டும் கட்டுவது நல்லது.

இன்னும் கொஞ்ச நாள் தாங்க வேண்டும் என்றால், துணி தொங்கும் கயிற்றுக்குப் பதில் மின்கம்பி கட்டுகிறார்கள். அதற்கென்று உள்ள கருவி வழியாக விட்டு விட்டு மின்சாரம் வரும். தொட்டால் சுளீரென்று அடிக்கும், கொல்லாது. நம் ஊரில் சிலர் வீட்டு மின்சாரத்தை நேரே வேலியில் விடுகிறார்களே, அது வேறு. அது ஆளைக் கொல்லும், குற்றமும்கூட.

எதைக் கட்டினாலும் தினம் ஒருவர் வேலியைச் சுற்றி நடக்க வேண்டும். காற்றில் சுருண்ட துணியைப் பிரித்துவிட வேண்டும். மாடு கடித்து இழுத்த இடத்தில் வேறு துணி தைக்க வேண்டும். ஆம், மாடுகளுக்கு அந்தத் துணி ரொம்பப் பிடித்துவிடுகிறது.