பெட்டியை இறக்கும் முன்: பழைய செவர்லேயின் ஆட்டோமேட்டிக் கியரைப் பழுதுபார்க்கும் வழி

செவர்லே, பியூக் பிரிவுகள் சேர்ந்து உருவாக்கி 1969 மாடல் கார்களில் பொருத்திய மூன்று கியர் பெட்டி டர்போ ஹைட்ராமாடிக் 350. அமெரிக்காவில் பழைய நோவா, கமாரோ, ஷெவல் வைத்திருப்பவர்களின் கராஜில் இன்றும் அடிக்கடி தட்டுப்படுவது இதுதான். அந்தக் காலப் பெட்டியில் கம்ப்யூட்டர் கிடையாது. எப்போது கியர் மாறுவது என்பதை ஆயில் அழுத்தமே முடிவுசெய்கிறது. இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதை வேக்குவம் மாடுலேட்டரும், வண்டியின் வேகத்தை கவர்னரும், ஆக்சிலரேட்டரை அடியோடு மிதித்ததை ஒரு கேபிளும் பெட்டிக்குத் தெரிவிக்கின்றன. மூன்றையுமே பெட்டியை வண்டியிலிருந்து இறக்காமல் சோதிக்கலாம். கியர் சரியாக விழவில்லை என்றதும் "ஓவர்ஹால்தான்" என்று முடிவு கட்டுவது அதனால்தான் தவறு. தீர்மானிக்கும் பாகங்கள் வெளியே இருக்கையில் கோளாறையும் முதலில் வெளியேதான் தேட வேண்டும்.

தொடக்கம் டிப்ஸ்டிக்கில். இருபது நிமிடமாவது ஓட்டி ஆயிலை நன்றாகச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, லீவரை எல்லா கியருக்கும் ஒருமுறை கொண்டுபோய் பார்க்கில் வைத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பாருங்கள். அணைத்துவிட்டுப் பார்த்தால் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் இறங்கி அளவைக் கூட்டிக் காட்டும். இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ளது அரை லிட்டர் அளவுதான். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுத்து கியர் வழுக்கும். அதிகமானாலும் சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கி, அதே வழுக்கலைக் கொடுக்கும். ஆயில் ஒட்டிய குச்சியை வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துப் பாருங்கள். சிவப்போ இளம்பழுப்போ என்றால் கவலையில்லை. கருத்து, கருகல் நாற்றம் அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. ஸ்ட்ராபெரி பால் போல வெளுத்துப்போயிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் கலந்துவிட்டது. இதற்கும் வெளி வைத்தியம் பலிக்காது. தண்ணீர் பட்டால் கிளட்ச் தட்டின் காகிதப் படலம் பசை விட்டு உரிந்துவிடும்.

அடுத்தது சாலையில் கிடைக்கும் சாட்சி. பலரும் அவசரப்படும் இடமும் இதுதான், அதிகத் தகவல் கிடைக்கும் இடமும் இதுதான். முன்னால் போகும் எல்லா கியரிலும் ஃபார்வர்டு கிளட்ச் பிடித்திருக்கும். டி-யில் முதல் கியருக்கு அதனுடன் லோ ரோலர் கிளட்ச் என்ற ஒருவழிப் பூட்டு வேலை செய்யும். இரண்டாவதில் இன்டர்மீடியட் கிளட்ச் சேரும், மூன்றாவதில் டைரக்ட் கிளட்ச் சேரும். ரிவர்ஸுக்கு அதே டைரக்ட் கிளட்சும் லோ-ரிவர்ஸ் கிளட்சும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டினால் குற்றவாளி தானாக மாட்டுவான். ரிவர்ஸ் நன்றாகப் போகிறது, முன்னால் மட்டும் நகரவில்லை என்றால் சந்தேகம் ஃபார்வர்டு கிளட்ச் மேல். மூன்றாவதும் ரிவர்ஸும் சேர்ந்து வழுக்கினால் இரண்டுக்கும் பொதுவானது டைரக்ட் கிளட்ச். டி-யில் கிளம்ப மறுக்கும் வண்டி, லீவரை எல்-இல் போட்டதும் கிளம்புகிறதா? அப்படியென்றால் ரோலர் கிளட்ச் போய்விட்டது, ஏனென்றால் எல்-இல் லோ-ரிவர்ஸ் கிளட்ச் அதன் வேலையைத் தாங்கிக்கொள்கிறது. எல்லா கியரும் வழுக்கினால் ஆயில் அளவு, ஃபில்டர், பம்ப், அல்லது லீவர் இணைப்பு. லீவர் இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் நின்றால் உள்ளிருக்கும் வால்வு பாதிதான் திறக்கும். இத்தனையையும் தாண்டி ஒரு நிலை உண்டு: கியர் தாமதமாகவோ முரட்டுத்தனமாகவோ மாறுகிறது, ஆனால் மாறியபின் துளியும் வழுக்காமல் இழுக்கிறது. கிளட்ச் தட்டுகள் நன்றாக இருக்கின்றன, அவற்றுக்குப் போகும் தகவல்தான் பிழை என்று அதற்கு அர்த்தம். அந்தப் பெட்டியைத் திறப்பது வீண்.

இனி வண்டிக்கடியில். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டு, சட்டத்துக்கடியில் ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே போகக் கூடாது. பெட்டியின் பின்பாதியில் வலப்புறம், சின்ன டப்பா போல இருப்பது மாடுலேட்டர். இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு இரும்புக் குழாய் வரும். அதன் இரு முனையிலும் ரப்பர் துண்டு. ஐம்பது வருட வண்டியில் வெடித்திருப்பது பெரும்பாலும் இந்த ரப்பர். வேக்குவம் கசிந்தால், இன்ஜின் முழுப் பாரம் இழுக்கிறது என்று பெட்டி எண்ணிக்கொண்டு, அழுத்தத்தைக் கூட்டி, கியரைத் தாமதமாக அடித்து மாற்றும். மாடுலேட்டர் பக்க முனையில் வேக்குவம் மீட்டரை மாட்டினால், ஆரோக்கியமான இன்ஜின் ஐடிலிங்கில் 16 முதல் 20 அங்குலம் வரை முள் ஆடாமல் நிற்கும். குழாய் நன்றாக இருந்தும் குறைவாகக் காட்டினால் கோளாறு கார்புரேட்டரிலோ டைமிங்கிலோ இருக்கலாம். கியர் நோய்க்கு இன்ஜினில் மருந்து. ஹோஸைக் கழற்றும்போது உள்ளே சிவப்பு ஆயில் தெரிந்தால் மாடுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிப்பதால்தான் கீழே ஒரு சொட்டுக்கூட லீக் இல்லாமல் அளவு குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது. ஒரே போல்ட், ஒரு கவ்வி. புதியதை மாட்ட அரை மணி நேரம் போதும். இழுக்கும்போது பின்னாலேயே வழுக்கி வரும் சின்ன வால்வைத் தரையில் தவறவிடாதீர்கள்.

இரண்டாம் கியருக்கே போகவில்லை என்றால் இடப்புறம் பின்னால், கம்பி வளையம் பிடித்திருக்கும் வட்டத் தகட்டு மூடியைத் திறந்து கவர்னரை மெல்லத் திருகி எடுங்கள். அதன் நைலான் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறதா, எடைகள் தடையின்றி அசைகின்றனவா என்று பார்த்தால் போதும்.

பிறகு ஆயில் பான், ஃபில்டர். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்யுங்கள், கொதிக்கும்போது வேண்டாம். 13 போல்ட்டில் முன்பக்கத்து இரண்டைத் தளர்த்தி மட்டும் விட்டு, மற்றவற்றை எடுத்தால் பின்மூலை இறங்கி ஆயில் தட்டுக்குள் வடியும். அடியில் சாம்பல் நிற மென்குழைவு இயல்புதான். பித்தளை மினுமினுப்பு தெரிந்தால் புஷ் தேய்கிறது; கறுப்புத் துகள் என்றால் கிளட்ச். ஃபில்டரைப் பிடித்திருப்பவை இரண்டே ஸ்க்ரூ. பானின் விளிம்பில் போல்ட் துளைகள் மேடாகப் பிதுங்கியிருக்கும். கட்டையில் வைத்துத் தட்டிச் சமன்செய்யாமல் எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் ஒழுகும். சிலிக்கான் பசையை அப்புவதும் ஆபத்து: பிதுங்கியது உள்ளே உதிர்ந்து வழிகளை அடைக்கும். போல்ட்டுகளை 16 நியூட்டன்-மீட்டர் அளவுக்கு, குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள்.

"பழைய பெட்டிக்குப் புது ஆயில் ஊற்றினால் செத்துவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. இதில் காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கின்றன. வழுக்க ஆரம்பித்தபின் கடைசி நம்பிக்கையாக ஆயில் மாற்றுகிறார்கள். ஏற்கெனவே தேய்ந்த கிளட்ச் அடுத்த வாரம் போகிறது. பழி புது ஆயில் மேல் விழுகிறது. ஆயில் கருகி, பானில் கிளட்ச் தூளும் கிடந்தால் மாற்றிப் பயனில்லை என்பது வரை அவர்கள் சொல்வது சரி. வெறும் பழுப்பென்றால் தாராளமாக மாற்றலாம். தொழிற்சாலையில் ஊற்றிய அதே ஆயில்தான் வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. ஆரம்பகால டெக்ஸ்ரானில் ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் கலந்திருந்தது. 1973-இல் டெக்ஸ்ரான் 2 வந்தபோது அது போயே போய்விட்டது. டெக்ஸ்ரான் 3 தரத்து ஆயில் இந்தப் பெட்டிக்குப் பொருந்தும்.

இதைவிட வலுவான ஆட்சேபம், ஓவர்ஹால் செய்த பெட்டியை வாங்கி மாட்டிவிட்டால் இத்தனை விசாரணை எதற்கு என்பது. சாட்சி கிளட்சைக் காட்டினால் அதுவும் நியாயமான வழியே. ஆனால் வெடித்த வேக்குவம் ஹோஸைப் புதுப் பெட்டியிலும் மாட்டினால் அதுவும் அப்படியேதான் முரட்டுத்தனமாக மாறும். வாங்கினாலும் சரி, வீட்டிலேயே புதுத் தட்டு போட்டாலும் சரி, இறக்கி ஏற்றும் வேலை ஒன்றே. பெட்டி மட்டுமே 50 கிலோவுக்கு மேல். டிரான்ஸ்மிஷன் ஜாக்கியை வாடகைக்கு எடுங்கள். புதுத் தட்டுகளை மாட்டுமுன் ஆயிலில் நன்றாக ஊறவிடுங்கள். ஒவ்வொரு கிளட்சுக்கும் ஆயில் போகும் துளை வழியே காற்று ஊதி, பிஸ்டன் 'டப்' என்று நகர்வதை உறுதிசெய்தபிறகே மூடுங்கள். கன்வெர்ட்டரைப் பெட்டியில் நுழைக்கும்போது சுழற்றிக்கொண்டே தள்ளினால் மூன்று முறை உள்ளே விழும்: இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர், கடைசியாகப் பம்ப். மூன்றாவது விழாமல் இன்ஜினோடு வைத்து போல்ட்டை இறுக்கினால் பம்ப் உடையும். பெட்டி முழுதாகப் பொருந்தியபின் இன்ஜினின் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்து, கன்வெர்ட்டர் கையால் சுழல வேண்டும். கூலரையும் அதன் குழாய்களையும் அலசாமல் இணைத்தால் பழைய பெட்டியின் தூள் புதியதற்குள் போய்ச் சேரும். முதலில் நான்கு லிட்டர் ஊற்றி ஸ்டார்ட் செய்து, இன்ஜின் ஓடும்போதே மீதியை ஊற்றிக்கொண்டே போங்கள்; கன்வெர்ட்டர் உட்பட மொத்தம் ஒன்பது லிட்டருக்கு மேல் குடிக்கும்.