தப்பாக ஓட்டுபவரைப் படம் எடுக்கிறீர்களா?

பெங்களூரில் ஒருவழிப் பாதையில் எதிரே வரும் வண்டியைப் பற்றி நீங்களே போலீசுக்குத் தெரிவிக்கலாம். போக்குவரத்துப் போலீஸ் இதற்காக 2015இல் ‘பப்ளிக் ஐ’ செயலியைக் கொண்டுவந்தது. இப்போது ‘அஸ்த்ரம்’ செயலி இருக்கிறது. கேமரா இல்லாத குறுக்குத் தெருக்களில்தான் இதற்கு அதிக பலன் என்பேன்.

நம்பர் பிளேட்டை மட்டும் நெருங்கி எடுத்தால் போதாது. ஹெல்மெட் இல்லாத தலையோ, சிக்னலில் வண்டி தாண்டி நிற்கும் வெள்ளைக் கோடோ அதே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். இடமும் நேரமும் சரிதானா என்று பார்த்து அனுப்புங்கள்.

ஓட்டிக்கொண்டே எடுக்கவே வேண்டாம்: மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவின்படி அதுவும் குற்றம். பின்னால் உட்கார்ந்திருப்பவர் எடுக்கட்டும். விபத்து என்றால் முதலில் 112.