வெடித்த குக்கருக்கு யார் பொறுப்பு?

கேள்வி: பிரஷர் குக்கர் வெடித்துக் காயம் ஏற்பட்டால், தயாரிப்பாளரிடமே இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: முடியும். குறைபாடுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கு ஈடுசெய்யும் கடமையை 'பொருள் பொறுப்பு' என வகுக்கும் இந்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தன் 84ஆம் பிரிவில், உற்பத்தியில் நேர்ந்த பிழை, வடிவமைப்பிலேயே உள்ள கோளாறு, போதிய எச்சரிக்கையின்மை போன்றவற்றுள் ஒன்று நிறுவப்பட்டாலே தயாரிப்பாளரைப் பொறுப்பாளியாக்குகிறது. வெளிப்படையாகத் தந்த உத்தரவாதம் பொய்த்த நிலையில், அதைத் தந்ததில் கவனக்குறைவு இல்லை என்று அவர் மெய்ப்பித்தாலும் பொறுப்பு நீங்காது என்பது, தொழிற்சாலைக்குள் நடந்ததை அறியவே வழியில்லாத நுகர்வோருக்கு மிகவும் நியாயமான பாதுகாப்பாகும். எல்லோரும் அறிந்த வெளிப்படையான ஆபத்தை எச்சரிக்கவில்லை என்ற வாதம் மட்டும் எடுபடாது.

குறைபாட்டைக் கண்டறியப் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால், நெளிந்த மூடியையும் பாதுகாப்பு வால்வையும் பழைய சாமான் கடையில் போட்டுவிடாமல், பில், மருத்துவச் சான்று ஆகியவற்றோடு பத்திரப்படுத்தி, 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும்.