வரிகளும் முகங்களும்

நன்கு அறிந்த ஒருவரை எப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் நாம் அடையாளம் கண்டுகொள்கிறோம். கணினிக்கு அஃது எளிதன்று. ஒருவர் நேராக நிற்கும்போது இரு கண்களும் தெரிகின்றன. பக்கவாட்டில் திரும்பினால் ஒரு கண் மறைகிறது. மூக்கின் வடிவமும் வேறாகத் தோன்றுகிறது. ஆகவே, ஒரே முகத்தின் இரு படங்களை இரு மனிதருடையவை எனக் கணினி கருதிவிடலாம்.

19ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் காவல்துறையில் பணியாற்றிய அல்போன்ஸ் பெர்த்தியோன், கைதியின் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் படமெடுத்து வைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். ஒரு கோணத்தில் மறைவது மற்றொரு கோணத்தில் தெரியும். பல கேமராக்களைக் கொண்டு முகமறியும் இன்றைய முறைக்கும் இதுவே அடிப்படை.

இம்முறை காட்டிலும் பயன்படுகிறது. வடகரப்பதியைப் போலவே பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தில் உள்ளது பறம்பிக்குளம். பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் எனத் தமிழ்நாட்டு மண்ணைக் கடந்தே அங்குச் செல்லும் சாலை அமைந்துள்ளது. 2010ஆம் ஆண்டில் அது புலிகள் காப்பகம் ஆயிற்று. இத்தகைய காடுகளில் புலிகளை எவ்வாறு எண்ணுகின்றனர்?

ஒரு புலியின் வரிகளைப் போல மற்றொரு புலிக்கு அமைவதில்லை. ஆனால், ஒரே புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் வெவ்வேறானவை. எனவே, காட்டுப் பாதையின் இருபுறமும் எதிரெதிராகத் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்துகின்றனர். ஒரு கேமரா மட்டும் இருந்தால், இன்று இடப்பக்கமும் நாளை வலப்பக்கமும் பதிவாகலாம். வந்தது ஒரு புலியா, இரு புலிகளா என்று அறிய இயலாது. கணக்குத் தவறினால், குறைந்துவரும் புலிகளைப் பெருகுவதாக எண்ணிக் காவலைத் தளர்த்த நேரிடும்.

2018-19ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதிலும் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. புலிகளின் படங்கள் மட்டும் 76,651 கிடைத்தன. அவற்றில் இருந்த தனித்தனிப் புலிகளோ, குட்டிகள் நீங்கலாக, 2,461. கோணத்தால் வளைந்து தெரியும் வரிகளைப் புலியுடலின் முப்பரிமாண வடிவத்தின்மேல் பொருத்தி மென்பொருள் ஒப்பிடுகிறது. ஒத்த படங்களை அது எடுத்துக் காட்டும். இரண்டும் ஒரே புலிதானா என முடிவு செய்வோர் ஆய்வாளர்களே.

மனிதரை அடையாளம் காணும்போது இக்கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில், தெளிவற்ற கண்காணிப்புப் படத்திற்குக் கணினி காட்டிய பொருத்தத்தை நம்பிக் குற்றமற்ற ஒருவரை, அவருடைய மனைவி மக்கள் முன்னிலையில் டெட்ராய்ட் நகரக் காவலர் கைது செய்தனர். கணினி தரும் விடையை வேறு கோணத்துப் படங்களோடும் பிற சான்றுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஏற்றல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

கோணம் – பார்க்கும் திசை
முப்பரிமாணம் – நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் உடைமை
நீங்கலாக – சேர்க்காமல்
சான்று – ஆதாரம்

வினாக்கள்

1. பெர்த்தியோன் கைதியின் முகத்தை எவ்வெவ்வாறு படமெடுக்கச் செய்தார்?
2. காட்டுப் பாதையின் இருபுறமும் கேமரா வைப்பது ஏன்?
3. 76,651 படங்களில் 2,461 புலிகளே இருந்தமைக்குக் காரணம் யாது?
4. டெட்ராய்ட் நகரக் காவலர் கைது செய்யுமுன் என்ன செய்திருக்க வேண்டும்? ஐந்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு

நண்பர் ஒருவரின் இசைவு பெற்று, அவர் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் வரைக. இரு படங்களிலும் மாறாதவை எவை எனப் பட்டியலிடுக.