நாற்பத்தாறு என்றால் எத்தனை சி.சி.?

திருச்செங்கோட்டு போர் வண்டிக்காரரிடம் கேட்டால் துளை ஆறரை இஞ்ச் என்பார். ஆழம் அடியில், மோட்டார் எச்.பி.யில், மேலே ஏறும் பைப் மறுபடியும் இஞ்சில். தண்ணீர் வந்து விழுகிற தொட்டி மட்டும் லிட்டரில். பஞ்சுக்குக் கண்டி, நூலுக்குக் கவுண்ட், ஆற்று மணலுக்கு யூனிட், காட்டுக்கு ஏக்கரும் சென்ட்டும். மெட்ரிக் முறைக்கு 1956இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கோவை கணபதியில் பழைய லேத் ஓட்டுகிற மேஸ்திரி இன்றைக்கும் மில்லியில் அளந்துகொண்டே "ஒரு நூல் எடுத்துடலாமுங்க" என்கிறார். ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அவருக்குக் குழப்பமே இல்லை.

குழப்பமெல்லாம் மாடல் விமான எஞ்சினைக் கையில் எடுக்கும்போதுதான். என்.சி.சி. ஏர் விங்கில் சேர்ந்த பையனோ, ஏரோ டிசைன் போட்டிக்குத் தயாராகும் சரவணம்பட்டிப் பக்கத்துக் கல்லூரி மாணவனோ முதலில் கேட்பது இதைத்தான்: "ஏனுங்கண்ணா, இதுல 46னு போட்டிருக்குதே, எத்தன சி.சி.ங்க?"

எனக்கும் ஒரு காலத்தில் இந்தச் சந்தேகம் இருந்தது. கேட்காமல் விட்டதற்குக் காசு கொடுத்தேன். பழைய எஞ்சின் ஒன்று, "35 சைஸ், நல்ல கம்ப்ரஷன்" என்று ஒருவர் விற்றார். 35 என்றால் 5.7 சி.சி. என்று நானே முடிவுகட்டி, எஞ்சின் உட்காரும் மரக்கட்டைகளில் துளையும் போட்டுவைத்தேன். பார்சலில் வந்தது 3.5 சி.சி. டீசல். எந்தத் துளையும் பொருந்தவில்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஆகவே முதல் வேலை கணக்குப் போடுவதல்ல. எஞ்சின் மேலிருக்கும் எண் எந்த ஊர்ப் பேச்சு பேசுகிறது என்று பார்ப்பதுதான். அமெரிக்காவின் ஃபாக்ஸ் 35 என்றால் 0.35 கன இஞ்ச். ஜப்பானின் ஓ.எஸ்., என்யா எஞ்சின்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். மெட்ரிக் நாட்டுக்காரர்கள் அமெரிக்கச் சந்தைக்காக இஞ்சில் பெயர் வைத்தார்கள். இஞ்சைப் பெற்று வளர்த்த இங்கிலாந்துக்காரர்களோ சி.சி.யில் வைத்தார்கள். மில்ஸ் 1.3 என்றால் 1.3 சி.சி.; ஏ.எம். 35 என்றால் 3.5 சி.சி. வகை, ஃப்ராக் 500 என்றால் 5 சி.சி. வகை. இப்போது வரும் பெட்ரோல் எஞ்சின்களில் டி.எல்.இ. 35 என்றால் முழுசாக 35 சி.சி. ஒரே 35க்கு இப்படி மூன்று அர்த்தம். எந்த நாடு, எந்த எரிபொருள் என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் குடிக்கிற குளோ எஞ்சின் என்றால் பெரும்பாலும் கன இஞ்சில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. பெட்ரோல் என்றால் சி.சி. பழைய டீசல் என்றால் நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்.

எண்ணின் பேச்சு தெரிந்துவிட்டதா? இனி மாற்றலாம். ஒரு இஞ்ச் என்பது 2.54 செ.மீ. ஒரு கன இஞ்ச் என்பது 2.54ஐ மூன்று முறை பெருக்கி வருவது: 16.387 சி.சி. இடறி விழுகிற இடம் இதுதான். நீளத்தை மாற்றிய பழக்கத்தில் 2.54ஆல் ஒரே முறை வகுத்துவிட்டு எழுந்துபோகிறவர்கள் உண்டு. 7.45 சி.சி. எஞ்சினை அப்படி வகுத்தால் 2.93 கன இஞ்ச் வரும். அது ஏறத்தாழ 48 சி.சி.! பயிற்சி விமானத்தின் மூக்கில் டி.வி.எஸ். 50 எஞ்சினை மாட்டின கதை. மணல் வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு யூனிட் நூறு கன அடி. ஒரு அடி 0.3048 மீட்டர் என்பதற்காக யாரும் 30 கன மீட்டர் மணல் கேட்டுச் சண்டை போடுவதில்லை. வந்து இறங்குவது 2.83 கன மீட்டர்தான்.

களத்தில் நிற்கும்போது கால்குலேட்டர் தேட வேண்டாம். சி.சி.யை ஆறால் பெருக்குங்கள், எஞ்சின் எண் வந்துவிடும். 2.5 சி.சி.க்கு 15. 7.5க்கு 45, நூற்றுக்கு இரண்டு சேர்த்தால் 46. 10 சி.சி.க்கு 60, சேர்த்தால் 61. 20க்கு 120. திருப்பிப் போட எண்ணை ஆறால் வகுத்து, நூற்றுக்கு இரண்டு கழியுங்கள். 40ஐ ஆறால் வகுத்தால் 6.67, கழித்தால் 6.5 சொச்சம். பட்டறைச் சுவரில் ஒட்டிவைக்க நினைப்பவர்களுக்குத் துல்லியமான எண்கள்:

0.049 – 0.80 சி.சி.
0.10 – 1.64 சி.சி.
0.15 – 2.46 சி.சி.
0.25 – 4.10 சி.சி.
0.35 – 5.74 சி.சி.
0.40 – 6.55 சி.சி.
0.46 – 7.54 சி.சி.
0.61 – 10.00 சி.சி.
0.91 – 14.91 சி.சி.
1.20 – 19.66 சி.சி.

இந்த எண்கள் ஏன் இப்படிக் கோணல்மாணலாக இருக்கின்றன என்று ஒரு நாளாவது யோசித்திருப்பீர்கள். பல எண்களுக்குப் போட்டி விதிதான் காரணம். விமானத்தைக் கம்பியில் கட்டிச் சுற்றவிடும் சர்வதேச கண்ட்ரோல் லைன் வேகப் போட்டியில் எஞ்சின் உச்சவரம்பு 2.5 சி.சி.; அதற்குள் அடங்குவது 15. ரேடியோ சாகசப் போட்டியில் வெகுகாலம் 10 சி.சி. வரம்பு இருந்தது, 61 என்பது 9.996 சி.சி., கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அமெரிக்காவின் குட்டி வகுப்புக்கு வரம்பு 0.050 கன இஞ்ச். காக்ஸ் கம்பெனிக்காரர்கள் 0.406 இஞ்ச் போரும் (சிலிண்டரின் உள் விட்டம்) 0.386 இஞ்ச் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) வைத்து 0.04997இல் நிறுத்தி, 049 என்று பெயர் போட்டார்கள்.

எண்ணே அழிந்துபோன எஞ்சின், அல்லது எண்ணை நம்ப மனமில்லை என்றால் அளந்துவிடுவதே நல்லது. போர் என்பது சிலிண்டரின் உள் விட்டம். நம் ஊர் போருக்கும் அதே பெயர்தான், அங்கேயும் அதே துளைதான். சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றி, வெர்னியரின் மேல் தாடையை உள் குழாயான லைனருக்குள் விட்டு ஒரு முறை அளந்து பாருங்கள். கால் வட்டம் திருப்பி இன்னொரு முறை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் லைனர் தேய்ந்திருக்கிறது. சில எஞ்சின்களில், பித்தளை லைனரில் குரோமியம் பூசி அலுமினிய பிஸ்டன் போட்டிருப்பார்கள். அதில் லைனர் மேலே போகப்போக இம்மியளவு குறுகும். அது தேய்மானம் அல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். போரை அவசரமாக அளக்காதீர்கள். கணக்கில் அது இரண்டு முறை பெருக்கப்படுகிறது, பிழையும் இரண்டு முறை வரும். 22 மில்லி போரை 22.1 என்று படித்தால் போதும், 7.45 சி.சி. 7.52 ஆகிவிடும்.

ஸ்ட்ரோக்கை அளக்க ஹெட்டைக் கழற்றாமலே ஒரு வழி உண்டு. எரிந்து முடிந்த ஊதுபத்தியின் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி வேண்டாம், பிஸ்டன் தலையில் கீறல் விழும். குளோ பிளக்கைக் கழற்றி, குச்சியைத் துளைவழியே பிஸ்டனைத் தொடும்வரை விட்டு, புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றுங்கள். குச்சி ஏறி ஒரு கணம் நின்று இறங்கும். நிற்கிற இடத்தில், துளை விளிம்புக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு. அரைச் சுற்று சுற்றினால் குச்சி இறங்கி மறுபடி நிற்கும். அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் ஸ்ட்ரோக். பிளக் துளை சாய்வாக இருக்கிற எஞ்சினில் இது சரியாக வராது. அங்கே ஹெட்டைக் கழற்றிவிட்டு வெர்னியரின் பின்கம்பியால் ஆழம் பாருங்கள்.

கிடைத்த இரண்டையும் செ.மீ. ஆக்குங்கள். போர் × போர் × ஸ்ட்ரோக் × 0.7854. விடை நேராக சி.சி.யில் வரும். பழக வேண்டுமானால் வாசலில் நிற்கும் பழைய புல்லட்டில் போட்டுப் பாருங்கள்: 70 மில்லி போர், 90 மில்லி ஸ்ட்ரோக். 7 × 7 × 9 × 0.7854 = 346. ஊரே 350 என்கிறது, எஞ்சின் 346 என்கிறது. மாடல் எஞ்சினிலும் இதே கதை. ஓ.எஸ். 46ஏ.எக்ஸ்.-ன் போர் 22 மில்லி, ஸ்ட்ரோக் 19.6 மில்லி. 2.2 × 2.2 × 1.96 × 0.7854 = 7.45 சி.சி. அதை 16.387ஆல் வகுத்தால் 0.455. உடம்பில் போட்டிருப்பது 46. எண் ஒரு பெயர்தான், ஏறத்தாழ சரி. உங்கள் கணக்கு இப்படி ஒரு புள்ளி தள்ளி வந்தால் கவலைப்படாதீர்கள். ஐந்து புள்ளி தள்ளி வந்தால் மறுபடி அளந்து பாருங்கள்.

பழைய அமெரிக்க எஞ்சினின் விவரத்தாளில் போரும் ஸ்ட்ரோக்கும் இஞ்சிலேயே இருக்கும். தொடக்கத்திலேயே மில்லிக்கு மாற்றிக்கொண்டு தசமங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். இஞ்சிலேயே முடித்துவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு முறை மாற்றுங்கள். ஃபாக்ஸ் 35க்கு 0.8 × 0.8 × 0.7 × 0.7854 = 0.352, அதை 16.387ஆல் பெருக்கினால் 5.77 சி.சி.

எஞ்சினை மாற்றிக் கணக்கிட்ட சூட்டில் மற்றதையும் மாற்றிவிடாதீர்கள். புரொப்பல்லர் உலகம் முழுவதும் பெரும்பாலும் இஞ்ச்தான். 40 எஞ்சினுக்கு 10 × 6, 46 எஞ்சினுக்கு 11 × 6 என்று கேட்டால்தான் கடைக்காரருக்குப் புரியும். டாங்க் அவுன்ஸில் வரும்; அமெரிக்க அவுன்ஸ் 29.6 மி.லி., ஆகவே 10 அவுன்ஸ் டாங்க் ஏறத்தாழ 300 மி.லி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கும் சி.சி. கணக்கு இதேதான், ஆனால் வேலை வேறு. இரண்டு ஸ்ட்ரோக் 46 இழுக்கிற விமானத்துக்கு 70 போல ஒன்று வேண்டும். இப்போது பேட்டரிக்கு மாறியவர்களும் தப்பவில்லை. ஈ-ஃப்ளைட் மோட்டார் ஒன்றின் பெயரே பவர் 46. அதில் போரும் கிடையாது, ஸ்ட்ரோக்கும் கிடையாது.

பறக்கவிடும் முன், எங்கே பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை ஒரு முறை பாருங்கள். ஒரு பக்கம் பீளமேடு விமான நிலையம், இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். கோவையில் காலி இடம் என்று தெரிவதெல்லாம் காலி வானம் இல்லை.

பழைய எஞ்சின் விற்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். 35, 46 என்று சைஸ் மட்டும் போட்டு விளம்பரம் கொடுக்காதீர்கள். போர் எத்தனை மில்லி, ஸ்ட்ரோக் எத்தனை மில்லி என்று இரண்டு எண் சேர்த்துப் போடுங்கள். வாங்குகிறவர் அதைப் பார்த்த பிறகு கட்டையில் துளை போட்டுக்கொள்வார்.