பட்டியல் ஒட்டும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

பரவையில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கால்பந்து பயிற்சி கொடுக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று கேட்டு அவ்வளவு சந்தோஷம். நீ அனுப்பிய உடல்தகுதித் தாளையும் பார்த்தேன். 30 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டல், ஸ்டாமினா எல்லாம் குறித்திருக்கிறாய். பிறந்த தேதியும் உயரமும் இல்லை. அவை இல்லாத மதிப்பெண்ணை வைத்து ஒரு பிள்ளையையும் கழித்துவிடாதே.

வயதுப் பிரிவை ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடுகிறோம். அதனால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். நடுவில் ஏறக்குறைய ஒரு வருஷ வளர்த்தி. அதைவிடப் பெரிய வித்தியாசம் பருவம் வருவதில் இருக்கிறது. பையன்களுக்குச் சராசரியாக 13, 14 வயதில் உயரம் மளமளவென்று ஏறும். பெண் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் முந்தியே. ஒருவன் 12-இலேயே வளர்ந்துவிடுவான், இன்னொருவனுக்கு 15 ஆகும். முந்தி வளர்ந்தவன் தோளால் இடித்துப் பந்தைப் பறிப்பதைத் திறமைக் கணக்கில் எழுதிவிடுகிறோம். குரோஷியாவின் லூக்கா மோட்ரிச்சைச் சிறுவனாக இருந்தபோது ஹைடுக் ஸ்ப்ளிட் கிளப் சேர்த்துக்கொள்ளவில்லை; உடம்பு போதவில்லை என்பதுதான் காரணம். 2018-இல் பாலோன் தோர் விருது வாங்கியது அதே மோட்ரிச்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே காலை நேரத்தில், வெறுங்காலோடு சுவரோரம் நிற்கவைத்து உயரத்தை அளந்து நோட்டில் எழுது. உயரம் சட்டென்று ஏறும் மாதங்களில் கால்தான் முதலில் நீளும், உடம்பு பிறகுதான். நேற்றுவரை பந்தைக் கச்சிதமாக நிறுத்திய பையன் தடுமாறுவான். அவனைத் திட்டாதே, வேண்டுமென்றா செய்கிறான்? முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் சுரீரென்கிறது என்று சொன்னால் பெரும்பாலும் அது ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்கிற, வளரும் வயதில் வரும் முட்டி வலி. டாக்டரிடம் காட்டச் சொல். குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் குறைத்துவிடு. வலியைத் தாங்கப் பழகு என்று பிள்ளையை ஓடவிடும் கோச்சை என்னால் மன்னிக்க முடியாது.

அடுத்தது சோறும் தூக்கமும். பயிற்சி முறைகளைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிற நாம் இதைப் பேசுவதே இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கியது நம் மதுரையில்தான், 1 முதல் 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக. உன் பிள்ளைகளோ 6, 7, 8-ஆம் வகுப்பு. உடம்பு அதிகம் கேட்கிற வயது. வெறும் வயிற்றோடு ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு வந்து ஓடி, அப்படியே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மதியச் சத்துணவு வரை எதைக் கொண்டு வளரும்? அந்தப் பிள்ளைக்கு ஸ்டாமினா குறைவு என்று தாளில் எழுதுவது அநியாயம்.

மார்க்கெட் வேலைக்குப் பெற்றோர் நடுராத்திரியே கிளம்பிப் போகிற வீடுகளும் உன் பக்கம் உண்டு. இந்த வயதுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகவாவது பயிற்சியை மாலைக்கு மாற்றிப் பார். கோடையில் வெயில் தாழ்ந்த பிறகு தொடங்கு. லீவு முடிந்து வருகிறவர்களை முதல் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரைக் கூப்பிடு. பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கை வேர்க்கடலை கொடுக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போய்ப் பேசு. தேதியைச் சொல், நானும் வருகிறேன். தேர்வுப் பட்டியலை அதற்கப்புறம் ஒட்டலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்